மெக்கானிக்கிடம் வேலை முடிந்து வந்த வண்டி ஏன் நடுங்குகிறது? மலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

என்னுடையது 1997 மாடல் மாருதி 800. கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் மாற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். வழியில் குஞ்சப்பனை தாண்டியதும் தெரிந்தது. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் கியர் லீவர் உள்ளங்கைக்குள் கிர்ரென்று நடுங்கியது. காலை எடுத்தால் உடனே அடங்கியது. வேலைக்கு விடுவதற்கு முன் அப்படி ஒரு நடுக்கம் கிடையாது.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வீல் பேலன்சிங் செய்தேன், அலைன்மென்ட் பார்த்தேன், முன்பக்கம் இரண்டு டயர் புதிதாகப் போட்டேன். நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் கிடைத்த காரணம், கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்டிங்கில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கி) முழுதாக இறுக்காமல் விட்ட ஒரே ஒரு போல்ட். இறுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தச் செலவு வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பழைய வண்டியை முதல்முறையாக வாங்கியவர்கள், மெக்கானிக்கிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், வீல் ஸ்பேனர், ஜாக்கி, தாங்கு ஸ்டாண்டு, சாக்பீஸ், துணைக்கு ஒரு ஆள் போதும்.

வண்டியை எடுப்பதற்கு முன் வீல் நட்

நடுக்கம் எங்கிருந்து வந்தாலும் முதலில் நான்கு வீலிலும் நட்டுகளைப் பாருங்கள். பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் என்று எந்த வேலை செய்தாலும் வீலைக் கழற்றியிருப்பார்கள். லூசான நட்டோடு கொண்டை ஊசி வளைவில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. மற்ற எல்லாவற்றையும் நாளைக்குப் பார்க்கலாம், இதை இன்றே பார்க்க வேண்டும்.

வண்டி தரையில் நிற்கும்போதே, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வரிசையாக ஒரு பக்கத்திலிருந்து இறுக்கினால் வீல் சரியாக உட்காராது. நட்டின் கூம்பு முனை ரிம் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் திறந்த நட்டை அவசரத்தில் திருப்பிப் போட்டுவிட்டால், இறுக்கமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வீல் நடுவில் உட்கார்ந்திருக்காது. கீழே இறங்கி ஏறியதும், அதாவது 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.

யார் கை எங்கே பட்டது?

அடுத்து பில்லை எடுங்கள். பில் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: எதையெல்லாம் கழற்றினீர்கள்? என்ன மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. "கிளட்ச் பிளேட் மாற்றினேன்" என்று பில்லில் ஒரு வரிதான் இருக்கும். மாருதி 800 போன்ற முன்சக்கர டிரைவ் வண்டியில் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். முன் வீல்கள் கழன்றிருக்கும், முன் வீலைச் சுற்றவைக்கும் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து உருவப்பட்டிருக்கும், வீலை சஸ்பென்ஷனோடு இணைக்கும் கீழ் பால் ஜாயின்ட் பிரிக்கப்பட்டிருக்கும், மவுண்டிங் அவிழ்ந்திருக்கும், கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும், சில சமயம் சைலன்சர் பைப்பும் தளர்த்தப்பட்டிருக்கும். இவற்றில் எது பழைய இடத்தில் உட்காராவிட்டாலும் வண்டி நடுங்கும்.

வேலைக்கு முன் இல்லாத நடுக்கம் வேலைக்குப் பின் வந்தால், கை பட்ட இடத்திலிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். நான் டயரிலிருந்து ஆரம்பித்தேன். வீலைக் கழற்றி மாட்டியதைத் தவிர டயரை அன்று யாரும் தொடவே இல்லை. பழைய பாகம் அதே வாரத்தில் தற்செயலாகத் தேய்ந்து போவதும் உண்டுதான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நின்ற இடத்தில் செய்ய வேண்டிய சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, வீலுக்கு அடியில் கல் வையுங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். பார்வைக்குச் சமமாகத் தெரியும் இடத்திலும் கல் வைக்க மறக்க வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் சூடாக விடுங்கள். பிறகு மெதுவாக ரேஸ் கொடுத்து, ஒவ்வொரு நிலையிலும் சில நொடி பிடித்து நிறுத்துங்கள்.

நின்றுகொண்டே நடுங்கினால் வீல், டயர், பிரேக் மூன்றையும் மறந்துவிடலாம். இன்ஜின், மவுண்டிங், சைலன்சர் ஆகியவைதான் மிச்சம். நிற்கும்போது சுத்தமாக இருந்து ஓடும்போது மட்டும் நடுங்கினால் ரோடு சோதனைக்குப் போங்கள். ஆனால் ஒன்று: என் வண்டியும் நின்றபோது ஒழுங்காகத்தான் இருந்தது. லோடு விழும்போதுதான் அந்த மவுண்டிங் ஆடியது. அதனால் மவுண்டிங்கைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

துணை ஆள் ஓட்டுநர் இருக்கையில் இருக்கட்டும். பானெட்டைத் திறந்து நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. அவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக, இன்ஜின் திணறும் வரை மட்டும் விட வேண்டும். அடுத்து ரிவர்ஸ் கியரில் அதேபோல. இன்ஜின் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து திரும்பும், அது இயல்பு. எகிறிக் குதித்தாலோ, 'டொக்' என்று எங்காவது இடித்தாலோ மவுண்டிங்கில் கோளாறு. இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்ய வேண்டாம், புது கிளட்ச் பிளேட் பாழாகும்.

இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள். லூசான போல்ட்டைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். என் வண்டியில் நான் பார்த்தது இதுதான்: பிராக்கெட் முழுக்க எண்ணெயும் தூசியும் கலந்து கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில், ஒரு வாஷரைச் சுற்றி மட்டும் புது நாணயத்தின் விளிம்புபோலப் பளபளவென்று மெல்லிய வளையம். அதன் கீழ் ஓரத்தில் காவி நிறத்தில் பொடி. விரலால் தொட்டால் மாவுபோல ஒட்டியது. இரும்பும் இரும்பும் நுண்ணியதாக உரசிக்கொண்டே இருந்தால் வரும் துருப்பொடி அது. இறுக்கமான போல்ட்டைச் சுற்றி அழுக்கு கலையாமல் இருக்கும். அசையும் போல்ட் தன் இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளும்.

போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தும் நடுங்கினால், மவுண்டிங் முறுக்கிக்கொண்ட நிலையில் இறுக்கப்பட்டிருக்கலாம். ஒரு ரப்பர் இழுபட்டும் இன்னொன்று நசுங்கியும் இருந்தால் இன்ஜினின் சாதாரண அதிர்வைக்கூட ரப்பர் உள்வாங்காது, நேராக பாடிக்கு அனுப்பிவிடும். இன்ஜின் அணைந்த நிலையில், அடியில் ஜாக்கி தாங்கியிருக்க, எல்லா மவுண்டிங் போல்ட்டையும் கழற்றாமல் தளர்த்த மட்டும் வேண்டும். இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி அதன் போக்கில் உட்காரவிட்டு, அப்புறம் இறுக்க வேண்டும். இதை மெக்கானிக்கே செய்யட்டும். செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

சைலன்சரையும் மறக்காதீர்கள். ஆறிய பிறகு பைப்பைக் கையால் அசைத்தால் ரப்பர் கொக்கியில் தாராளமாக ஆட வேண்டும். எங்காவது பாடியில் முட்டினால், ஒரு குறிப்பிட்ட ரேஸில் மட்டும் தரை முழுக்க அதிரும். காது அடைப்பதுபோல ஒரு முழக்கமும் சேர்ந்து வரும்.

பிளக், வயர், டைமிங் பெல்ட், டேப்பெட் என்று ஏதாவது வேலை நடந்திருந்து ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, வண்டி உதறினால், அது 'மிஸ்ஸிங்'காக இருக்கலாம். மாருதி 800-இன் மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் வண்டி நொண்டுவது நன்றாகவே தெரியும். முதலில் பிளக் வயர்கள் முழுதாக உள்ளே அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றிய உடனே வந்த உதறல் என்றால், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்க வாய்ப்புண்டு. அதை நீங்கள் தொட வேண்டாம், மாட்டியவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நம் மலைக்கே உரிய இன்னொன்று உண்டு. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைச் சமவெளியில் ட்யூன் செய்திருந்தால், மேலே வந்ததும் காற்று குறைந்து, பெட்ரோல் அதிகமாகிவிடும். ஐடிலிங்கில் கரடுமுரடாக ஓடும், பிளக் கறுக்கும், புகையில் பெட்ரோல் வாடை வரும். கீழே சரியாக ஓடி மேலே மட்டும் உதறினால் மெக்கானிக் மேல் தவறில்லை. கார்புரேட்டரை மேலேயே ஒருமுறை செட் செய்துகொள்ளுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் இதைப் பெரும்பாலும் தாமே சரிசெய்துகொள்ளும்.

ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வேகம், எந்த கியர், ஏற்றமா இறக்கமா, ஆக்சிலேட்டரில் கால் இருந்ததா, பிரேக்கில் இருந்ததா, நடுக்கம் எங்கே தெரிந்தது.

ஒரே வேகத்தில் கியரை மாற்றிப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே பயனுள்ள சோதனை. 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் நடுக்கம் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 40-இல் நான்காவதுக்கு மாற்றுங்கள். இப்போது வீல் அதே வேகத்தில் சுற்றும், இன்ஜின் மெதுவாகச் சுற்றும். நடுக்கம் அப்படியே இருந்தால் வீல் பக்கம். மறைந்தாலோ குணம் மாறினாலோ இன்ஜின் பக்கம். இரண்டு பக்கத்தையும் பிரித்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

சமமான, ஆளில்லாத ரோட்டில், நடுங்கும் வேகத்தில் கிளட்ச்சை ஒரு கணம் மிதித்துப் பார்ப்பதும் உதவும். அப்போதும் தொடர்ந்தால் வீல் பக்கம்தான். இதை இறக்கத்தில் செய்யவே கூடாது. நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைத்து இறங்குவதும் அப்படித்தான். இன்ஜின் இழுத்துப் பிடிப்பது போய்விடும், பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். இன்ஜின் அணைந்தால், பிரேக் அழுத்த உதவும் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் கல்போல ஆகிவிடும்.

கணக்கு ஒன்று கையில் இருந்தால் நல்லது. மாருதி 800-க்கு வரும் 145/70 ஆர்12 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் போகும். ஆள் நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5, 6 கிலோமீட்டரில், நொடிக்கு ஒரு சுற்று. 60-இல் நொடிக்குப் பத்துச் சுற்று. எனவே மெதுவாக உருட்டிக்கொண்டு 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும் வேகத்தில் ஒரு தூக்கல் வந்தால், அது டயரில் இருக்கும் வீக்கம் அல்லது வளைந்த ரிம். இன்ஜினிலிருந்து வருவதை எண்ண முடியாது, அது கிர்ரென்று மெல்லியதாக இருக்கும்.

நடுக்கம் உடம்பில் எங்கே தெரிகிறது என்பதும் ஒரு தடயம். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் வீல். இருக்கையும் தரையும் ஆடினால் பின் வீல் அல்லது சைலன்சர். கியர் லீவர் நடுங்கினால் மவுண்டிங், கியர்பாக்ஸ். பிரேக் பெடல் காலைத் திருப்பித் தள்ளினால் டிஸ்க் அல்லது டிரம்.

மலையில் வரும் குழப்பமே வீல் பேலன்ஸ் விஷயம்தான். பேலன்ஸ் கோளாறு பொதுவாக 70, 80-க்கு மேல்தான் நன்றாகத் தெரியும். குன்னூர் - ஊட்டி ரோட்டில் அந்த வேகம் வராது, வரவும் கூடாது. அதனால் மாதக்கணக்கில் தெரியாமல் இருந்து, கோயம்புத்தூருக்கு இறங்கும் நாளில் திடீரென்று ஸ்டீயரிங் ஆடும். மாறாக, 30-இல் நடுங்குகிறது என்றால் சாதாரண பேலன்ஸ் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. பேலன்சிங் செய்யச் சொல்லிக் காசு கேட்டால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

பேலன்சிங்குக்கு முன் வீலின் உள்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் மழைக்காலத்தில் போய்வந்தால், ரிம்மின் உள்பக்கத்தில் செம்மண் அப்பிக் காய்ந்து அடைபோல ஒட்டிக்கொள்ளும். கைப்பிடி அளவு மண் ஒரே பக்கம் ஒட்டியிருந்தால் ஸ்டீயரிங் ஆடப் போதும். சுரண்டிக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பேலன்சிங்குக்காகப் பொருத்திய வெயிட் விழுந்த தடம் இருக்கிறதா என்றும் ரிம் ஓரத்தில் கவனியுங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் முன் வீல் இரண்டையும் பின்னுக்கும், பின்னதை முன்னுக்கும் மாற்றி மாட்டுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றவாளி வீல்தான்.

ஜாக்கி போட்டு வீலைத் தூக்கியதும், கீழே தாங்கு ஸ்டாண்டு வைத்த பிறகு, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆட்டினால் வரும் ஆட்டம், ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் டை ராட் பக்கத்தது. சாக்பீஸை அசையாமல் டயருக்கு ஒரு நூல் தள்ளிப் பிடித்து வீலைச் சுற்றினால், கோணல் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு விழும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

ஏற்றத்தில் மட்டும் நடுக்கம்

இது நம் ஊருக்கென்றே உள்ள புகார். ஆக்சிலேட்டரை அழுத்தி ஏறும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று மவுண்டிங், அதை மேலே சொல்லிவிட்டேன். மற்றொன்று டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட். கிளட்ச் வேலைக்காக ஷாஃப்ட்டை உருவும்போது கிரீஸ் போயிருக்கலாம், ரப்பர் பூட் கிழிந்திருக்கலாம், ஷாஃப்ட்டைப் பிடித்து வைக்கும் லாக் முழுதாக உட்காராமல் இருக்கலாம். பூட்டைச் சுற்றி, பக்கத்து பாகங்களில் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்தால் நடுக்கத்தைவிடச் சத்தம்தான் அதிகம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது 'கட கட கட' என்று கேட்கும்.

மேட்டில் நின்று கிளம்பும்போது மட்டும் வண்டி குலுங்கினால் கிளட்ச். பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், பிளேட் அழுந்தும் ஃப்ளைவீல் முகம் சமமில்லாமல் இருக்கலாம். புது பிளேட் படிய சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை லேசாகக் குலுங்குவது உண்டு. நாளாக நாளாகக் குறையாமல் கூடிக்கொண்டே போனால் திரும்பக் காட்டுங்கள்.

அம்பாசடர், ஆம்னி, ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் பின் வீலுக்குப் போகும் நீள ஷாஃப்ட்டை கிளட்ச் வேலைக்காக இறக்குவார்கள். இறக்கும் முன் இருபக்கமும் பெயின்ட் குறி போட்டு, அதே குறியில் திரும்ப மாட்ட வேண்டும். இரு துண்டாகச் சேரும் ஷாஃப்ட்டில் ஒரு பல் மாறி இணைந்தால் இரு முனை யோக்கும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) நேர்கோட்டில் நிற்காது, வேகம் கூடக்கூட அடித்தளம் அதிரும்.

இறக்கத்தில், பிரேக் பிடித்தால் மட்டும்

இந்த நடுக்கம் பிரேக் வேலைக்குப் பின் வந்ததென்றால், டிஸ்க்குக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் துருவோ மண்ணோ சிக்கியிருக்கலாம். மயிரிழை அளவு அழுக்குகூட டிஸ்க் ஓரத்தில் கோணலாகத் தெரியும். கழற்றி, இரு முகத்தையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். டிஸ்க்கை லேத்தில் கொடுப்பதற்கோ புதிது வாங்குவதற்கோ முன்பு இதைச் செய்யச் சொல்லுங்கள்.

முன் டிஸ்க்கா பின் டிரம்மா என்று தெரிய, வெறிச்சோடிய சமரோட்டில் 30 வேகத்தில், பட்டனை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுங்கள். அப்போதும் குலுங்கினால் பின் டிரம். ஈர ரோட்டில் வேண்டாம்.

பிரேக் நல்ல சூட்டில் இருக்க இறங்கி வந்து, குன்னூர் - மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள பர்லியாறில் டீக்கு நிற்கும்போது பெடலை அழுத்தியபடியே நிற்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டித் தடம் பதியும். இரண்டாவது கியரில் இறங்கினால் அவ்வளவு சூடு வராது.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது

"அண்ணே, வண்டி ஆடுது" என்று சொன்னால் அவர் எதை என்று பார்ப்பார்? "அண்ணே, நின்னா ஒண்ணுமில்ல. ரெண்டாவது கியர்ல ஏறும்போது கியர் ராடு நடுங்குது, கால எடுத்தா நின்னுடுது. பிரேக் பிடிச்சா ஒண்ணும் தெரியல" என்று சொன்னால் பாதிக் காரணங்களை அவர் அங்கேயே ஒதுக்கிவிடுவார். முடிந்தால் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஏற்றத்திற்கே கூட்டிப் போங்கள். நடுங்கும் நேரத்தில் அவர் கை லீவர் மேல் இருக்கட்டும். குற்றம் சுமத்தும் குரலில் பேச வேண்டாம். முதலில் வேலை பார்த்தவருக்கே வாய்ப்பு கொடுங்கள், எதைக் கழற்றினோம் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், ஓட்டிப் பார்த்த பிறகு அடுத்தது.

ஸ்டீயரிங் திடீரென்று பலமாக உதறினாலோ, வீல் பக்கம் 'டக் டக்' என்று தட்டினாலோ, பெடல் ஆழமாக இறங்கினாலோ ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அங்கே வரவழையுங்கள்.

எல்லாம் சரியான பிறகு நான் செய்த ஒரே கூடுதல் வேலை, ஒவ்வொரு மவுண்டிங் போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்ததுதான். மாதம் ஒருமுறை ஆயில் பார்க்கும்போது அப்படியே டார்ச் அடிக்கிறேன். போல்ட் கொஞ்சம் சுழன்றாலும் கோடு இரண்டாக முறிந்து தெரியும்.